மகப்பேறு உதவித்தொகை இன்னும் வரவில்லை, என்ன செய்வது?

கேள்வி: டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். திருப்பூரில் பனியன் கம்பெனியில் டெய்லராக இருக்கிறேன். மனைவிக்கு 20 வயது. முதல் கர்ப்பம், ஐந்தாம் மாதம் முடியப்போகிறது. அவளும் அதே கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தாள். வாந்தியும் தலைசுற்றலும் அதிகமானதால் போன மாதம் நின்றுவிட்டாள். நர்ஸம்மா பதிவு பண்ணி நம்பர் கொடுத்தார்கள், ஒரு சத்துப் பெட்டியும் கிடைத்தது. பணம் வரவில்லை. பக்கத்து வீட்டு அக்காவுக்கு அவருடைய பையன் வயிற்றில் இருந்தபோது மூன்றாம் மாதமே 2,000 வந்ததாம். என் பேங்க் கணக்கைக் கொடுத்தால் சீக்கிரம் வருமா? பிரசவத்துக்கு விழுப்புரம் பக்கம் அவள் அம்மா வீட்டுக்குப் போவாள், அங்கே போனால் பணம் நின்றுவிடுமா? மாமியார் தனியார் ஆஸ்பத்திரிதான் என்கிறார். என் அம்மா, அரசாங்கம் தரும் 18,000-ஐ ஏன் விட வேண்டும் என்கிறார். கூட வேலை பார்க்கும் பீகார் நண்பன், அவன் ஊரில் குழந்தை பிறந்ததும் 1,400 கொடுத்தார்கள் என்கிறான். நமக்கு 700தானாம். அது ஏன்?
– ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: தம்பி, நீங்கள் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்கிறேன். அதற்கு முன்னால் நீங்கள் கேட்காமல் விட்ட ஒன்று இருக்கிறது. தொகையில் அதுதான் பெரியது.

உங்கள் மனைவி வேலை பார்த்தபோது சம்பளத்தில் இ.எஸ்.ஐ., அதாவது தொழிலாளர் அரசுக் காப்பீட்டுக்கான பணம், பிடித்தார்களா? சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள். 100 ரூபாய்க்கு முக்கால் ரூபாய் தொழிலாளியிடம் பிடிப்பார்கள், மூன்றேகால் ரூபாயைக் கம்பெனி போடும். மாதம் 21,000 வரை சம்பளம் வாங்குபவர்களுக்கு இது பொருந்தும். அப்படிக் கட்டியிருந்தால், ஆறாறு மாதமாகப் பிரித்து வைத்திருக்கும் இரண்டு பங்களிப்புக் காலங்களில் மொத்தம் 70 நாள் பணம் கட்டியிருந்தாலே போதும், 26 வாரத்துக்குச் சம்பளம் முழுசாக அவருக்கு வரும். நாள் கூலி 400 என்று வைத்துக்கொள்ளுங்கள். 182 நாளுக்கு 72,800 ரூபாய். வீட்டில் எல்லாரும் 18,000-க்காக வாதாடிக்கொண்டிருக்கிறீர்கள், இது யார் கண்ணிலும் படவில்லை.

எந்த ஆறு மாதங்களைக் கணக்கில் எடுப்பார்கள் என்பது பிரசவத் தேதியைப் பொறுத்தது. இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் அவருடைய காப்பீட்டு எண்ணைச் சொன்னால் பார்த்துச் சொல்வார்கள். போன மாதமே வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டார் என்பதால் எல்லாம் போய்விட்டது என்று நினைக்காதீர்கள். ஏற்கெனவே கட்டிய நாட்கள்தான் கணக்கு. ஆனால் 'நானாகவே விலகிக்கொள்கிறேன்' என்று கம்பெனி ஏதாவது தாள் நீட்டினால் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போட வேண்டாம். முதலில் கிளை அலுவலகம், அப்புறம் கையெழுத்து.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். சட்டப்படி இதேபோன்ற மகப்பேறு பலன் பெறும் பெண்ணுக்கு மத்திய அரசின் மகப்பேறுத் தொகை கிடையாது என்று விதி இருக்கிறது. ஆகவே இ.எஸ்.ஐ. பணம், அரசு உதவித்தொகை இரண்டும் முழுசாக வரும் என்று கணக்குப் போட்டு இப்போதே கடன் வாங்கிவிடாதீர்கள். நர்ஸிடம் விஷயத்தை மறைக்காமல் சொல்லுங்கள்.

சரி, 18,000-க்கு வருவோம். இது டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம். 18,000 என்று பெயர்தானே தவிர, கையில் பணமாக வருவது 14,000. மீதி 4,000-க்கு இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகங்கள் தருகிறார்கள், ஒன்று மூன்றாம் மாதத்தில், இன்னொன்று ஆறாம் மாதத்தில். பக்கத்து வீட்டு அக்கா சொன்னது பொய்யில்லை. முன்பு ஐந்து தவணையாகக் கொடுத்தார்கள், முதல் தவணை 2,000. 2024 ஏப்ரலிலிருந்து அதை மூன்று தவணையாக்கிவிட்டார்கள்: கர்ப்பத்தின் நான்காம் மாதத்தில் 6,000, குழந்தைக்கு நான்காம் மாதம் ஆகும்போது 6,000, ஒன்பதாம் மாதத்தில் 2,000. குழந்தை பிறந்த பிறகு வரும் தவணைகளுக்குத் தடுப்பூசிகளைத் தவறாமல் போட்டிருக்க வேண்டும். ஆக, உங்கள் மனைவிக்கு முதல் 6,000 வரவேண்டிய நேரம் இதுதான். கொஞ்சம் தாமதம் சகஜம். ஆறாம் மாதம் இரண்டாவது பெட்டகம் வாங்கப் போகும்போதும் வரவில்லை என்றால் காரணத்தைக் கேட்டே ஆக வேண்டும்.

அந்தப் பெட்டகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அதில் சத்து மாவும், நெய்யும், பேரீச்சம்பழமும், இரும்புச் சத்து சிரப்பும் இருக்கும். நெய் குழம்பு தாளிக்கப் போய்விடும், பேரீச்சம்பழத்தை வீட்டுப் பிள்ளைகள் தின்றுவிடுவார்கள், கர்ப்பிணிக்கு மிஞ்சுவது யாருக்கும் பிடிக்காத சிரப் மட்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை பார்த்த காலத்தில் நான் வீட்டுக்கு வீடு பார்த்தது இது. உங்கள் வீட்டில் அப்படி ஆகாமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு.

பணம் சிக்கிக்கொள்வது பெரும்பாலும் வங்கிக் கணக்கில்தான். உங்கள் கணக்கைக் கொடுக்க முடியாது, கொடுக்கவும் கூடாது. பணம் உங்கள் மனைவி பெயரில் உள்ள கணக்குக்குத்தான் வரும். ஆதாரில் கணவர் பெயரோடு ஒரு மாதிரியும், பாஸ்புக்கில் அப்பா பெயரின் முதலெழுத்தோடு ஒரு மாதிரியும் இருந்தால் பணம் திரும்பிப் போய்விடும். பள்ளிக்கூடத்தில் உதவித்தொகைக்காகத் திறந்து, அதன் பிறகு தொடாமலே விட்டு முடங்கிப்போன கணக்காக இருக்கலாம். 2020 ஏப்ரலில் சிண்டிகேட் வங்கி கனரா வங்கியோடும், ஆந்திரா வங்கியும் கார்ப்பரேஷன் வங்கியும் யூனியன் வங்கியோடும் இணைந்துவிட்டன. பழைய பாஸ்புக்கில் இருக்கும் ஐ.எஃப்.எஸ்.சி. எண்ணை எழுதிக் கொடுத்திருந்தால் அதுவும் காரணமாக இருக்கலாம். அப்புறம் ஒன்று, இதைப் பலர் யோசிப்பதே இல்லை: ஆதார் வழியாக அனுப்பும் பணம் கடைசியாக எந்தக் கணக்கில் ஆதாரை இணைத்தீர்களோ அங்கேதான் போகும். நீங்கள் கொடுத்த கணக்கில் வரவில்லை என்று தேடிக்கொண்டிருப்பீர்கள், அது வேறொரு கணக்கில் வந்து கிடக்கும். அவர் பெயரில் இருக்கும் எல்லாக் கணக்குகளையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கணினி மையங்களில் 'பிரதமர் திட்டத்தில் தனியாக 5,000 வாங்கித் தருகிறேன்' என்று சொல்லி விண்ணப்பத்துக்குப் பணம் கேட்பவர்கள் உண்டு. மத்திய அரசின் பிரதம மந்திரி மாத்ரு வந்தனா திட்டம் 2017 ஜனவரியில் தொடங்கியது. முதல் குழந்தைக்கு 5,000, இப்போது இரண்டாவது குழந்தை பெண்ணாக இருந்தால் 6,000. தமிழ்நாட்டில் அதை முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தோடு சேர்த்துவிட்டார்கள். இரண்டு திட்டமும் ஒரே பதிவில் நடப்பதால், யாருக்கும் காசு கொடுத்துத் தனியாக விண்ணப்பிக்க வேண்டியதில்லை.

அம்மா வீட்டுக்குப் போவதால் பணம் நிற்காது. நர்ஸம்மா கொடுத்த அந்த 12 இலக்க நம்பர், பிக்மி எண் என்பார்களே, அது தமிழ்நாடு முழுக்கச் செல்லும். நீங்கள் செய்ய வேண்டியது இரண்டே காரியம். திருப்பூரில் பார்த்த நர்ஸிடம் எந்த ஊருக்கு, எப்போது போகிறார் என்று சொல்லுங்கள். விழுப்புரம் போன முதல் வாரத்திலேயே அங்குள்ள கிராம சுகாதார செவிலியரைப் பார்த்து, அட்டையையும் எண்ணையும் காட்டச் சொல்லுங்கள். ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து போய், பிரசவ வலி வரும் வரை அந்த ஊர் நர்ஸுக்கு இவர் வந்திருப்பதே தெரியாமல் போவது அடிக்கடி நடக்கிறது. பிறப்புச் சான்றிதழ் வாங்கவும் இந்த எண் வேண்டும், பத்திரமாக வைத்திருங்கள்.

இப்போது உங்கள் அம்மாவுக்கும் மாமியாருக்கும் இடையே நடக்கும் வழக்கு. இதில் நான் இருவர் பக்கமும் இல்லை. தனியாருக்குப் போனால், பிரசவத்துக்குப் பிறகு வரும் தவணைகளை எதிர்பார்க்காமல் கணக்குப் போடுங்கள். ஆனால் 8,000 ரூபாய் கைவிட்டுப் போகிறது என்பதற்காக ஓர் ஆஸ்பத்திரியைத் தேர்ந்தெடுப்பதும் தப்பு, ஏ.சி. அறை இருக்கிறது என்பதற்காகத் தேர்ந்தெடுப்பதும் தப்பு. உங்கள் மனைவியின் உடம்பு என்ன சொல்கிறது, அந்த இடத்தில் ராத்திரி இரண்டு மணிக்கு என்ன செய்ய முடியும், இந்த இரண்டை வைத்து முடிவு செய்யுங்கள்.

நம் நாட்டில் தாய்மார்கள் இறப்பதற்கு முக்கியமான காரணங்களில் இரண்டு, பிரசவத்தின்போதும் அதற்குப் பிறகும் ஏற்படும் ரத்தப்போக்கும், ரத்த அழுத்தம் ஏறி வலிப்பு வருவதும். சுகப்பிரசவத்தில் அரை லிட்டர் ரத்தம் போனாலே நாங்கள் அதை ஆபத்தாகத்தான் எடுத்துக்கொள்வோம். நல்ல உடம்பு அதைத் தாங்கும். ஹீமோகுளோபின் 7 இருக்கும் பெண்ணின் உடம்பு தாங்காது. 11-க்குக் கீழே போனால் ரத்தசோகை, 7-க்குக் கீழே கடுமையான ரத்தசோகை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் இந்தியக் கர்ப்பிணிகளில் பாதிக்கு மேல் ரத்தசோகை உள்ளவர்கள். நீங்கள் இவ்வளவு விவரமாக எழுதியிருக்கிறீர்கள், பணத் தவணையெல்லாம் விசாரித்திருக்கிறீர்கள், மனைவியின் ஹீமோகுளோபின் எவ்வளவு என்று ஒரு வரி இல்லை. அட்டையில் எழுதியிருப்பார்கள், இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். தலைசுற்றல் என்று வேறு சொல்கிறீர்கள். இரும்புச் சத்து மாத்திரையைத் தினமும் போடுகிறாரா என்று கேளுங்கள். டீயோடு போட்டால் உடம்பில் சேராது, கால்சியம் மாத்திரையோடு சேர்த்துப் போட்டாலும் சரியாகச் சேராது; இரண்டுக்கும் நடுவே இரண்டு மணி நேரமாவது விட வேண்டும். மலம் கறுப்பாகப் போவதைப் பார்த்துப் பயந்து நிறுத்திவிடுவார்கள், அது மாத்திரையால் வருவதுதான், பயப்பட ஒன்றுமில்லை. மாத்திரையில் ஏறவில்லை என்றால் நரம்பு வழியாக இரும்புச் சத்து ஏற்றும் வசதி அரசு நிலையங்களிலேயே உண்டு, இலவசமாக.

ஹீமோகுளோபின் நன்றாக இருக்கிறது, ரத்த அழுத்தம் 140/90-ஐத் தொடவில்லை, சர்க்கரை இல்லை, குழந்தை தலை கீழாக இருக்கிறது என்றால், 24 மணி நேரமும் செவிலியர் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் தைரியமாகப் பிரசவம் பார்க்கலாம். இவற்றில் ஒன்று சரியில்லை என்றாலும் சீமாங்க் மையம் இருக்கும் அரசு மருத்துவமனைக்குப் போங்கள். அங்கே எந்த நேரத்திலும் அறுவை சிகிச்சை செய்யவும் ரத்தம் ஏற்றவும் வசதி இருக்கும். விழுப்புரம் பக்கம் என்றால் முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையே இருக்கிறது. மாமியார் சொல்லும் தனியார் மருத்துவமனையிலும் போய் இதையே கேளுங்கள்: ரத்தம் எங்கிருந்து வரும், மயக்க மருந்து டாக்டர் ராத்திரியில் வர எவ்வளவு நேரமாகும், குழந்தைக்கு மூச்சுத் திணறினால் யார் பார்ப்பார்கள்? தெளிவாகப் பதில் சொன்னால் நல்ல இடம். 'அதெல்லாம் ஒன்றும் ஆகாதும்மா' என்று சிரித்தால் வேறு இடம் பாருங்கள். சிறிய ஆஸ்பத்திரிகளில் கை மீறிப்போன பிறகு கடைசி நேரத்தில் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பிவைத்த பெண்களை நாங்கள் நிறையப் பார்த்திருக்கிறோம். வழியில் போன நேரத்தைத் திருப்பிக் கொண்டுவர யாராலும் முடியாது.

அதே கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுத் தனியார் மருத்துவமனைகளில் நடந்த பிரசவங்களில் 63.8 சதவீதம் சிசேரியன். அரசு மருத்துவமனைகளில் 36 சதவீதம். அதுவே அதிகம்தான் என்பது என் எண்ணம், இருந்தாலும் வித்தியாசத்தைப் பாருங்கள். தனியாரில் சிசேரியன் என்றால் வரும் பில், நாம் பேசிக்கொண்டிருக்கும் 14,000-ஐச் சுலபமாகத் தாண்டிவிடும். அரசு மருத்துவமனையில் பிரசவமோ சிசேரியனோ, மருந்து, பரிசோதனை, ரத்தம், தங்கியிருக்கும் நாட்களில் சாப்பாடு, வீட்டுக்குத் திரும்ப வண்டி எல்லாமே இலவசம். 2011 ஜூனிலிருந்து நாடு முழுக்க இது உரிமை, ஜனனி சிசு சுரக்ஷா காரியக்ரம் என்று பெயர். இது கணக்கில் வரவாகத் தெரியாது என்பதால் யாரும் பேசுவதில்லை. மாமியாருக்கு மகள் அங்கே தனியாகத் தவிப்பாளே என்று பயம் இருக்கலாம். பிரசவ அறையில் துணைக்கு ஒரு பெண் கூடவே இருக்கலாம் என்று அவரிடம் சொல்லுங்கள். பாதி எதிர்ப்பு அதிலேயே குறைந்துவிடும்.

'ஆயாவுக்குக் கொடுக்கணும், ஆண் குழந்தைன்னா இவ்வளவு, பெண் குழந்தைன்னா இவ்வளவு' என்று கேட்பவர்கள் சில இடங்களில் இருக்கத்தான் செய்கிறார்கள். கொடுக்க வேண்டியதில்லை. தவணையை ஏற்றிவிடக் கமிஷன் கேட்டாலும் அதேதான். 104-க்குப் போன் செய்து புகார் சொல்லலாம்.

உங்கள் பீகார் நண்பரின் 1,400 வேறு திட்டம். ஜனனி சுரக்ஷா யோஜனா, 2005 ஏப்ரலில் மத்திய அரசு தொடங்கியது. ஆஸ்பத்திரிப் பிரசவம் குறைவாக இருந்த மாநிலங்களில் கிராமத்துப் பெண்ணுக்கு 1,400, நகரத்தில் 1,000, அரசு மருத்துவமனைக்கு வந்தால் எல்லாருக்கும். நம்மைப் போன்ற மாநிலங்களில் 700, 600, அதுவும் ஏழைகளுக்கும் பட்டியல் சாதி, பழங்குடிப் பெண்களுக்கும் மட்டும். ஓரவஞ்சனை மாதிரித் தெரியும், ஆனால் 2005-06-ல் பீகாரில் நூற்றுக்கு இருபது பிரசவம்கூட முழுசாக மருத்துவமனையில் நடக்கவில்லை. தமிழ்நாட்டில் அப்போதே 87.8 சதவீதம். 2019-21-ல் பீகார் 76.2-க்கு வந்துவிட்டது, நாம் 99.6. பெண்களை ஆஸ்பத்திரி வாசலுக்குக் கொண்டுவருவதில் அந்தப் பணத்துக்குப் பங்கு உண்டு என்று 2010-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வும் சொன்னது. வாசலுக்கு வந்த பிறகு உயிரைக் காப்பாற்றுவது உள்ளே இருக்கும் செவிலியரும் ரத்தமும் மருந்தும்தான். அவை பெருகிய வேகம், பெண்கள் வாசலுக்கு வந்த வேகத்தைவிடக் குறைவு.

நம் ஊரில் பணத்தின் வேலை வேறு. முத்துலட்சுமி ரெட்டி திட்டம் 1987-ல் 300 ரூபாயில் தொடங்கியது. கூலிக்குப் போகும் பெண் கடைசி மாதம்வரை வேலை பார்க்காமல் கொஞ்சம் ஓய்வெடுக்கட்டும், முட்டையும் பாலும் வாங்கிச் சாப்பிடட்டும் என்பதற்காக. ஆகவே 6,000 வந்ததும் அதை எடுத்துச் சீட்டுக்கும் வட்டிக்கும் கட்டினால் திட்டம் கெட்டது என்று அர்த்தம். ஏ.டி.எம். அட்டை அவரிடமே இருக்கட்டும்.

இத்திட்டத்தில் எனக்கு ஒப்பாத ஒன்றும் உண்டு. தாய்க்கு 19 வயது ஆகியிருக்க வேண்டும், முதல் இரண்டு பிரசவத்துக்கு மட்டும் என்பது விதி. மருத்துவராகப் பார்த்தால், பதினெட்டு வயதுப் பெண்ணுக்கும் நான்காவது பிரசவத்துக்கு வரும் பெண்ணுக்கும்தான் ஆபத்து அதிகம். பல பிரசவம் கண்ட கர்ப்பப்பை சுருங்காமல் ரத்தம் கொட்டும். மத்திய அரசு ஜனனி சுரக்ஷா திட்டத்தில் இந்த இரண்டு நிபந்தனைகளையும் 2013-லேயே எடுத்துவிட்டது. நாமும் எடுக்கலாம். பணம் கிடைக்காது என்பதால் பதிவே செய்யாமல் இருந்துவிடும் பெண்கள் உங்களுக்குத் தெரிந்தவர்களில் இருந்தால், பரிசோதனைக்கும் சிகிச்சைக்கும் வயதோ பிரசவ எண்ணிக்கையோ தடையில்லை என்று சொல்லுங்கள். உங்கள் நண்பரின் மனைவி திருப்பூருக்கே வந்து கர்ப்பமானாலும் இங்கே பதிவு செய்யலாம், இலவச சிகிச்சை அவருக்கும் உண்டு.

இந்த வாரத்தில் சம்பளச் சீட்டு, எல்லா பாஸ்புக்குகள், கர்ப்பிணி அட்டை மூன்றையும் எடுத்து வைத்துக்கொண்டு உட்காருங்கள். ஒவ்வொரு மாதமும் 9-ஆம் தேதி அரசு நிலையங்களில் மருத்துவரே கர்ப்பிணிகளைப் பார்க்கும் சிறப்புப் பரிசோதனை நடக்கும், அன்றைக்கு ஒருநாள் லீவு போட்டு நீங்களும் கூடப் போய் வாருங்கள். அதற்கு முன்பே தலைவலியோடு கண் மங்கினாலோ, முகமும் கையும் வீங்கினாலோ, ரத்தமோ நீரோ போனாலோ, குழந்தையின் அசைவு குறைந்தாலோ தேதி பார்க்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.